எங்கள் கதவைத் தட்டாமல் போனவர்

1

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் முதலில் கேட்பது மழையைத்தான். அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்? பெய்கிறது, நேற்றும் பெய்தது, நாளைக்கும் பெய்யும் என்று சொன்னால் போதும், திருச்சுழிப் பக்கம் போக வேண்டிய மேகத்தை நான்தான் இங்கே மடக்கி வைத்திருப்பது போல ஒரு பெருமூச்சு வரும். ஆகவே மழையை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். நான் எழுத வந்தது ஓட்டைப் பற்றி. அயர்லாந்தின் மேற்குக் கரையோரம் ஒரு சின்ன ஊரில், ஒரு சனிக்கிழமை காலையில், கையில் கரண்டியோடு ஒரு வேட்பாளரைத் துரத்திக்கொண்டு தெருவில் ஓடியதைப் பற்றி.

நான் இங்கே மருத்துவக் கருவிகள் செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். வந்து நாலு வருஷம் ஆகிறது. குடியிருப்பது பாலத்தை ஒட்டிய தெருவில் ஒரு பழைய கட்டடம். கீழே மூடிக் கிடக்கும் துணிக்கடை, மேலே ஆறு வீடுகள். வாசலில் ஆறு அழைப்பு மணி, பக்கத்திலேயே பெயர்ச் சீட்டு. அந்த ஆறில் ஒன்றுகூட இந்த ஊர்ப் பெயர் கிடையாது.

இங்கே உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட இந்த நாட்டுக் குடிமகளாக இருக்க வேண்டியதில்லை. ஊரில் குடியிருந்தால் போதும். இது தெரிந்த அன்றே நான் பெயர் சேர்க்கக் கிளம்பிவிட்டேன். என் பெயரில் எது குடும்பப் பெயர் என்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை, இனிஷியல்தான் உண்டு என்றேன். அந்த இனிஷியலை நீட்டி எழுதுங்கள் என்றார்கள். நீட்டினேன். அது அப்பா பெயர் என்றதும், அப்படியானால் உங்கள் பெயர் என்ன என்று மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார்கள். இப்படி அலுவலகத்தில் இரண்டு ஜன்னல், ஒரு போன், கொஞ்சம் சிரிப்பு. கடைசியில் பட்டியலில் என் பெயருக்கு முன்னால் அப்பா வந்து உட்கார்ந்துகொண்டார். "அங்கயும் எம் பேர்லதேன் ஓட்டா" என்று அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

அப்படி வாங்கிய ஓட்டு. அதைக் கேட்டு யாராவது வர வேண்டாமா?

அந்தச் சனிக்கிழமை பருப்பு வெந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருக்கோடியில் டெர்மட் வருகிறார். டெர்மட் எங்கள் ஊர் டயர்க்கடைக்காரர், கட்சி எதுவும் இல்லாமல் தனியாக நிற்பவர். அறுபதை நெருங்கும் வயது, சிவந்த முகம், எல்லோரையும் பார்த்துக் கையை உயர்த்துகிற பழக்கம். கூட மஞ்சள் மழைக்கோட்டில் ஒரு பெண். வீடு வீடாகத் தட்டி, பேசி, சிரித்து, துண்டறிக்கை கொடுத்து வருகிறார்கள். எனக்குப் பரபரப்பாகிவிட்டது. தலையை வாரினேன். சோபாவில் கிடந்த போர்வையை மடித்தேன். ஓட்டுக் கேட்க வருகிறவர்களை வாசலுக்குப் போய் வரவேற்பதுதானே நம் வழக்கம்?

பக்கத்து வீட்டைத் தட்டினார்கள். பிறகு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். டெர்மட் குனிந்து ஆறு பெயர்களையும் மேலிருந்து கீழே படித்தார். மஞ்சள் கோட்டுப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். இருவரும் தெருவைத் தாண்டி எதிர் வரிசைக்குப் போய்விட்டார்கள்.

எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியவில்லை. வீட்டுச் செருப்போடு, கையில் கரண்டியோடு, தூறலில் நடுத்தெருவில் நிற்கிறேன். "எங்க வீட்டை மட்டும் ஏன் விட்டுட்டுப் போறீங்க?" என்று கேட்டேன். ஆங்கிலத்தில்தான் கேட்டேன், ஆனால் தொனி அச்சு அசல் அருப்புக்கோட்டை.

அவர் கரண்டியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மிக அன்பாக, "உனக்கு இங்கே ஓட்டு இருக்காதேம்மா" என்றார்.

இருக்கிறது என்றேன். அப்படியா என்றார். நான் எந்த ஊர் என்று கேட்டார். இந்தத் தெருதான் என்றேன். சிரித்தார். ஒரு துண்டறிக்கையை என் கையில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். அறிக்கையில் அவர் படத்துக்கு மேலே பெரிய எழுத்தில் 'நம்ம ஊர், நம்ம மக்கள்' என்று போட்டிருந்தது. மாடிக்கு வந்தபோது பருப்பு அடிப்பிடித்திருந்தது.

2

இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று இங்கே எல்லோரும் கேட்டார்கள். வேட்பாளர் வராமல் போனால் நிம்மதி என்று நினைக்கிற ஊர் இது. கதவில் 'ஓட்டுக் கேட்டு வராதீர்கள்' என்று சீட்டு ஒட்டியிருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் எப்படிப் புரியவைப்பது? உங்களுக்கென்றால் விளக்கவே வேண்டாம்.

நம் பக்கம் வீடு தவறுவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போது தெருவில் ஒரு வீடு தவறிவிட்டால், அந்த வீட்டாரோடு பேச்சு வார்த்தை அறுந்துபோகும். பிறகு அவர்கள் வீட்டு விசேஷத்தில் நம் வீட்டைத் தவறவிட்டு அவர்கள் கணக்கை நேர் செய்வார்கள். ஓட்டுக்கும் அதே சட்டம்தான்.

என் சித்தப்பா ஒருமுறை நகராட்சி வார்டுக்கு நின்றார். வீட்டில் நாங்கள் தெலுங்கு பேசுகிற நெசவுக்காரக் குடும்பம், அதனால் அவரைச் 'சின்னாயனா' என்றுதான் கூப்பிடுவேன். பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். அந்தத் தேர்தலில் நான் பள்ளிப் பிள்ளை. நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அவர் பின்னாலேயே அலைந்தேன். ஒரு வீட்டின் வாசல் சந்துப் பக்கம் திரும்பியிருந்ததால் நாங்கள் கவனிக்காமல் தாண்டிவிட்டோம். சாயங்காலம் அந்த வீட்டுப் பெரியவர் கடைக்கே வந்துவிட்டார். அவர் சித்தப்பாவின் நெடுநாள் வாடிக்கையாளர். எப்படியும் சித்தப்பாவுக்குத்தான் ஓட்டு. அவரே அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "ஓட்டு உனக்குத்தேன். ஆனா நீ ஏன் வந்து கேக்கல? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" என்று கேட்டார். சித்தப்பா கடையை அப்படியே போட்டுவிட்டு அவர் பின்னால் நடந்து, அந்தச் சந்து வாசலில் நின்று, கைகூப்பி முறையாகக் கேட்டுவிட்டு வந்தார். பெரியவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

நான் அந்தப் பெரியவர் ஊர்க்காரி. கரண்டியோடு ஓடியதற்கு அதுதான் காரணம். வேட்பாளரிடம் எனக்கு எந்த உதவியும் வேண்டாம். என் வாசலில் நின்று என்னிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். டெர்மட்டுக்கோ இது புகாராகப் பட்டிருக்கிறது. பாலத்தெரு மாடியில் ஒரு பெண் கரண்டியோடு சண்டைக்கு வந்தாள் என்று ஊரில் பேச்சு பரவி, திங்கட்கிழமை தொழிற்சாலையில் என்னிடமே ஒருவர் வந்து அந்தக் கதையைச் சொன்னார். நான்தான் அது என்று சொல்லாமல் முழுவதையும் ரசித்துக் கேட்டேன். கதையில் கரண்டி கத்தியாகியிருந்தது.

3

முதல் மாடியில் ஃபன்மி அக்கா இருக்கிறார். நைஜீரியாக்காரர், ஊருக்கு வெளியே உள்ள முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்து, அதற்கு அர்த்தம் கேட்டு, பிடித்துப்போய், இப்போது அவரே போனில் "அக்கா பேசுறேன்" என்கிறார். அவர் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி வெகு காலம் ஆகிறது. எல்லாத் தேர்தலிலும் ஓட்டு உண்டு. ஒரு தேர்தலிலும் போட்டதில்லை.

டெர்மட்டைப் பற்றிக் கொதித்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் சிரித்துவிட்டார். டெர்மட்டின் அம்மா அந்த இல்லத்தில்தான் இருக்கிறாராம். ஃபன்மி அக்காதான் அந்த அம்மாவைக் குளிப்பாட்டித் தலைவாரி விடுகிறவர். டெர்மட் ஞாயிறுதோறும் வருவார், பெயர் சொல்லி விசாரிப்பார், கிறிஸ்துமஸுக்குச் சாக்லேட் டப்பா கொடுப்பார்.

"நல்ல மனுஷன்" என்றார் ஃபன்மி அக்கா.

"உங்களுக்கு ஓட்டு இருக்குன்னு அவருக்குத் தெரியுமா?"

"அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை."

இதைத்தான் நான் நாலு வருஷமாகப் பார்க்கிறேன். மோசமாகத் திட்டுகிறவர்களை எனக்கு எளிதாகப் புரிந்துவிடுகிறது. ஒருவன் பஸ்ஸில் இருந்து கத்தினால் அவன் யாரென்று உடனே தெரிந்துவிடும். டெர்மட் மாதிரி ஆட்களிடம்தான் நான் தடுமாறுகிறேன். கதவைப் பிடித்துக்கொண்டு நாம் போகும்வரை நிற்பார்கள். பஞ்சரானால் காசு வாங்காமல் காற்றடித்துத் தருவார்கள். 'நம்ம மக்கள்' என்று அச்சடிக்கும்போது மட்டும் நாம் அவர்கள் ஞாபகத்துக்கு வருவதில்லை.

அன்றே, ஊரில் கடை அடைக்கும் முன் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிகிற எங்கள் வீட்டுப் பேச்சு. விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. நம்ம வீட்டை விட்டுவிட்டு அவன் எப்படிப் போவான் என்று, ஏதோ டெர்மட் எம்.ரெட்டியபட்டிக்காரர் போலவும், ஒரு பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்பது போலவும் துள்ளினார்.

அவர் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அவர் நின்ற அந்தத் தேர்தலில் எதிராளியின் ஆட்கள் மைக் செட் கட்டிய ஆட்டோவில் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்: "வீட்டுல ஒரு பாஷை, வெளியில ஒரு பாஷை பேசுறவுகளுக்கா உங்க ஓட்டு?" எங்கள் ஆட்கள் இந்த மண்ணுக்கு வந்து எத்தனை தலைமுறை என்று எங்களுக்கே தெரியாது. தறிக்கு வெளியே எங்களுக்கு எல்லாமே தமிழ்தான். அன்றைக்குச் சித்தி அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். சித்தப்பா அந்த ஆட்டோவைப் பார்த்துக்கொண்டே கடைக்குள் நின்றார்.

போனில் அவருடைய ஆவேசம் கொஞ்சம் அடங்கியதும் பேச்சு ஊர்ப்பக்கம் திரும்பியது. "இங்கயும் இப்ப எங்க பாத்தாலும் வடக்கனுகதேன் தாயி. மில்லு லைன்ல பூராம் அவனுகதேன். விட்டா ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் வாங்கிருவானுக. அவனுகளுக்கு இங்க என்ன சோலி?"

"சின்னாயனா, டெர்மட்டும் ஏறக்குறைய இதத்தேன் சொன்னாரு" என்றேன்.

அந்தப் பக்கம் கடை ஃபேன் சுற்றுகிற ஓசை மட்டும் தெளிவாகக் கேட்டது.

"நெட்டு சரியில்ல. அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.

4

எனக்கு ஒரு விஷயத்தை ஆறப்போடத் தெரியாது. புதன்கிழமை வேலை முடிந்ததும் நேராக டயர்க்கடைக்குப் போனேன், இந்த முறை வெறுங்கையோடு. டெர்மட் ஒரு வேனுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் என் கையைத்தான் பார்த்தார்.

நான் புகார் சொல்ல வரவில்லை என்று ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொன்னேன். பத்திரிகை தவறுவது, சந்து வாசல் பெரியவர், எல்லாம். ஓட்டுப் போடப் போகிறவரே வந்து சண்டை போட்டாரா என்று அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆமாம், அதனால்தான் சண்டை போட்டார் என்றேன். எங்கள் வீடு ஆறையும் தட்டி, ஆறு பேரிடமும் கேளுங்கள், அதற்கப்புறம் யார் யாருக்குப் போடுகிறோம் என்பது எங்கள் பாடு என்று முடித்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டார். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்துத்தான் விட்டேன் என்று முதலில் ஒரு சமாதானம் சொன்னார். நான் இடத்தை விட்டு நகரவில்லை. பிறகு அவர் உண்மையைச் சொன்னார். அதைச் சொன்னதற்காகவே எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது.

இந்த ஊரில் மூடிக் கிடக்கும் ஒரு ஹோட்டலில் அகதிகளைக் குடிவைக்கப் போகிறார்கள் என்று வதந்தி. மேட்டுத் தெருவில் இருக்கிறவர்கள் அதை வைத்துக் கொதித்துப்போயிருக்கிறார்கள். அந்த ஹோட்டலுக்கும் எங்கள் கட்டடத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் எங்கள் ஆறு பெயர்களையும் அந்த ஹோட்டலையும் அவர்கள் ஒன்றாகத்தான் பார்ப்பார்கள்.

"அந்த வாசல்ல நான் நிக்கிறத ஒருத்தர் பார்த்தாப் போதும். மேட்டுத் தெரு மொத்தமும் எனக்குக் கிடையாது" என்றார்.

எங்கள் சித்தப்பாவையும் ஒரு தேர்தலில் வெளியாள் என்று மைக் வைத்துச் சொன்னார்கள் என்றேன்.

"அப்புறம் அவர் என்ன செஞ்சார்?"

"தோத்துட்டாரு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று நினைத்து, வேண்டுமானால் மற்ற வீடுகளுக்கு நானும் கூட வருகிறேன் என்றேன். "அது இன்னும் மோசம்" என்றார், பட்டென்று. சொன்ன மறுகணம் அவர் காது சிவந்தது. மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றேன். உண்மையில் அப்படி இல்லை. வீடு வரும்வரை அந்த மூன்று வார்த்தை கூடவே நடந்து வந்தது.

கிளம்பும்போது, சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு நாங்கள் எல்லோரும் வீட்டில் இருப்போம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆறு வீட்டையும் கேட்காமலே சொல்லிவிட்டேன். பிறகு படியேறி இறங்கி ஒவ்வொருவராகக் கேட்டேன். ஃபன்மி அக்கா, "அவர் வரமாட்டார்" என்றார். சொல்லிவிட்டு, சனிக்கிழமை ஷிப்டை வேறொருவருக்கு மாற்றிக்கொடுத்தார். ஒரு நாள் ஓய்வுக்காகக்கூட ஷிப்ட் மாற்றாதவர் அவர். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. டெர்மட் வராவிட்டால் எனக்குக் கோபம் வரும், ஒரு வாரத்தில் போய்விடும். இத்தனை வருஷம் யாரும் கேட்காதபோது எதிர்பார்க்காமலே இருந்துவிட்டவரை நான் எதிர்பார்க்க வைத்துவிட்டேனே.

5

சனிக்கிழமை பன்னிரண்டு மணி. ஃபன்மி அக்கா நீலத் துணியால் தலைப்பாகை கட்டி, காதில் வளையம் போட்டு, வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டெர்மட்டுக்காக இல்லை, சர்ச்சுக்குப் போக வேண்டும் என்றார். சனிக்கிழமையா என்று நான் கேட்கவில்லை.

பன்னிரண்டரை ஆனது. ஒன்றும் ஆனது. மேல்மாடி பிரேசில்காரர் இரண்டு முறை இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் படியில் உட்கார்ந்து போனில் இல்லாத செய்தியை எல்லாம் படித்தேன். ஃபன்மி அக்கா காது வளையத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

என் வீட்டு ஜன்னல் பக்கம் போனேன். எதிர்ச்சாரியில் டெர்மட் குடையோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். தனியாக. மஞ்சள் கோட்டுப் பெண் இல்லை. எங்கள் வாசலைத் தாண்டினார், தெருக்கோடி வரை போனார். அங்கே ஒரு கடைக் கண்ணாடிக்கு முன்னால், உள்ளே இருக்கிற பொருளை வாங்கப் போகிறவர் மாதிரி நின்றார். அது குழந்தைகள் துணிக்கடை. பிறகு திரும்பி வந்து தெருவைத் தாண்டினார். குடையை மடக்கினார். மணி அடித்தது, என் வீட்டு மணி.

மணியோடு சேர்ந்த பேசும் கருவியில், கீழ் வீட்டில் இருந்து ஆரம்பிக்கச் சொல்லிவிட்டுப் படியில் இறங்கினேன். அவர் படியேறி வந்து முதல் கதவில் பார்த்தது ஃபன்மி அக்காவை.

"ஃபன்மி? நீங்க இங்கயா இருக்கீங்க?"

"ஒன்பது வருஷமா."

அவருக்குத் தெரிந்தது ஃபன்மி என்ற பெயர் மட்டும், வாசல் மணியில் இருந்தது குடும்பப் பெயர். கையில் இருந்த துண்டறிக்கையைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பிடித்திருந்தார். இங்கே ஓட்டுச் சீட்டில் ஒருவருக்கு மட்டும் முத்திரை குத்துவது கிடையாது. பிடித்த வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட வேண்டும். வேட்பாளர்கள் 'ஒன்றை எனக்குக் கொடுங்கள்' என்று கேட்பார்கள். டெர்மட் இருமினார். ஓட்டு எப்படி இருக்கிறது, தேர்தல் எப்படி இருக்கிறது என்று எதையோ உளறினார்.

ஃபன்மி அக்கா, "எதிர் வீட்ல எப்படிக் கேட்டீங்களோ அப்படிக் கேளுங்க" என்றார்.

அவர் நிமிர்ந்து நின்றார். தன் பெயரைச் சொன்னார், எந்தத் தெரு என்று சொன்னார், ஏன் நிற்கிறார் என்று சொன்னார். "உங்க ஒன்றாம் எண்ணை எனக்குக் கொடுத்தீங்கன்னா நான் நன்றியோட இருப்பேன்" என்றார். அவர் எதிர் வீட்டிலும் இதைத்தான் சொல்லியிருப்பார். இங்கே அது நின்று நின்று வந்தது.

ஃபன்மி அக்கா முழுதாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு விஷயம் சொன்னார். ஊரில் இருந்து முதியோர் இல்லத்துக்குப் போகிற சாலையில் நடைபாதை இல்லை, விளக்கும் இல்லை. குளிர்காலத்தில் அவர் வேலை முடிந்து இருட்டில்தான் நடந்து வருகிறார். கார் வந்தால் வேலியோரப் பள்ளத்தில் இறங்கி நிற்க வேண்டும். கத்தாமல், குறைபடாமல், மருந்து நேரம் சொல்கிற மாதிரி சொன்னார்.

"ஞாயிற்றுக்கிழமை உங்க அம்மாவைப் பார்த்துட்டு நீங்க அந்தப் பக்கமாத்தான் காரில் போறீங்க. என்னைப் பார்த்துக் கை காட்டுறீங்க."

"ஆமா" என்றார் டெர்மட். "கை காட்டுறேன்."

பிறகு, இதைக் கவுன்சிலில் எழுப்புகிறேன் என்றார். ஜெயித்தாலா, தோற்றாலுமா என்று ஃபன்மி அக்கா கேட்டார். தோற்றாலும் என்றார். சரி, ஓட்டைப் பற்றி யோசிக்கிறேன் என்று ஃபன்மி அக்கா கதவைச் சாத்தினார். சாத்துமுன் காது வளையத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டதை நான் பார்த்தேன்.

மற்ற ஐந்து வீட்டிலும் அவர் கேட்டார். என் வீட்டில் கேட்டபோது நான் நம் ஊர் மாதிரி கைகூப்பிவிட்டேன். அவரும் அவசரமாகக் கைகூப்பியதில் குடை விழுந்து படியில் உருண்டது.

6

அவர் பயந்தது நடந்தது. அன்று சாயங்காலமே ஊர் முகநூல் பக்கத்தில் யாரோ எங்கள் வாசலில் டெர்மட் குடையோடு நிற்கிற படத்தைப் போட்டுவிட்டார்கள். 'நம்ம மக்கள் என்று இவர் சொல்வது யாரை?' என்று கேள்வி. அதன் கீழே வந்து விழுந்ததை எல்லாம் இங்கே எழுத மாட்டேன். எங்களை எங்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பதில்கூட அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை.

அவர் பதில் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. தேர்தலுக்கு ஒரு வாரம்கூட இல்லை, சும்மா இருந்தால் மறந்துவிடுவார்கள். மறுநாள் காலை அவர் பெயரில் மூன்றே வரி இருந்தது: 'அந்த ஆறு வீடும் பாலத்தெருவில்தான் இருக்கிறது. முதல் தடவை அவர்களை நான் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது.'

அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். மனிதர்கள் மாறுவார்களா என்று இங்கே தேநீர் இடைவேளைகளில் நிறைய விவாதம் செய்திருக்கிறேன், மாறுவார்கள் என்ற கட்சியில். ஆனால் அந்த விவாதங்களில் எல்லாம் மாறுவது என்றால் ஏதோ பெரிய வெளிச்சம் வருகிற மாதிரி பேசியிருக்கிறேன். இங்கே நான் பார்த்தது அப்படி இல்லை. காது சிவந்து, தெருக்கோடி வரை போய், பிள்ளைத் துணிக்கடையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறது. கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் பயம், பிறகு மணி அடிக்கிறது. இந்த அளவு போதும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

சித்தப்பாவுக்கு அந்தப் படத்தையும் பதிலையும் மொழிபெயர்த்து அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை, நீல நிற டிக் மட்டும். பிறகு ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் தராசு வைக்கிற சத்தம், யாரோ மல்லாங்கிணறு பஸ் போய்விட்டதா என்று கேட்கிற சத்தம். "ஏ தாயி, மில்லு லைன்ல இருந்து ஒரு பய நம்ம கடைக்குத்தேன் சாமான் வாங்க வாரான். வருசக்கணக்கா வாரான். இன்னைக்குத்தேன் பேரு கேட்டேன். சொன்னான். வாயில நுழையல. நாளைக்கு வந்தா மறுபடி கேக்கணும்."

அவ்வளவுதான் செய்தி. அடுத்த நாள் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் நெட்டு சரியில்லாமல் போய்விடும்.

தேர்தல் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எங்கள் பகுதிக்குக் கவுன்சிலில் பல இடங்கள் உண்டு; டெர்மட் தட்டுத்தடுமாறி அதில் கடைசி இடத்தைப் பிடித்து ஜெயித்தார். மேட்டுத் தெரு அவரைக் கைவிட்டதா இல்லையா என்று பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நடைபாதைக்காகக் கவுன்சிலில் பேசியிருக்கிறார். வேலை இன்னும் தொடங்கவில்லை. எந்த நாட்டிலும் கவுன்சில் கவுன்சில்தான்.

நான் சொல்ல விரும்பியது ஓட்டுப் போட்ட நாளைப் பற்றி. ஆரம்பப் பள்ளியில் வாக்குச்சாவடி. நானும் ஃபன்மி அக்காவும் வேலை முடிந்து சேர்ந்தே போனோம். உள்ளே குழந்தைகள் வரைந்த மாடுகள் சுவரெங்கும். மேசையில் இருந்தவர் என் பெயரைத் தேட, நான் அப்பா பெயரைச் சொல்லிக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். எனக்கு அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது, முன்பே முடிவு செய்து வைத்திருந்ததால். ஃபன்மி அக்கா மறைப்புக்குள் போனார், வரவே இல்லை. பென்சில் உரசுகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. பின்னால் வந்த இரண்டு பேர் போட்டுவிட்டுப் போனார்கள். மேசைக்காரர் உதவி வேண்டுமா என்பது போல எழுந்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

வெளியே வந்தபோது தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டே நடந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. ஒன்றாம் எண் டெர்மட்டுக்குத்தானே என்று கேட்டுவிட்டேன்.

ஃபன்மி அக்கா நின்று என்னைப் பார்த்தார்.

"அவர் என்கிட்ட கேட்டார். நான் அவருக்கு உள்ளே பதில் சொல்லிட்டேன்" என்றார். "நீ யார் நடுவுல?"